புயலுக்கு அப்புறம், விளையில வெட்டோத்தி எடுக்கதுக்கு முன்னாடி

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல காத்துக்கு சீசன்னு ஒண்ணு கிடையாது. ஆனி ஆடியில ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வீசுறது ஒருபக்கம், முப்பந்தல்ல காத்தாடி நட்டு கரண்டு எடுக்கதே அத நம்பித்தான். ஐப்பசி கார்த்திகையில மழையோட சேந்து வர்றது இன்னொருபக்கம். 2017 நவம்பர் 30ல ஒக்கி அடிச்சப்போ வாழையும் ரப்பரும் தென்னையும் எப்படி சாஞ்சு கெடந்துதுன்னு பாத்தவங்களுக்கு நான் சொல்லி தெரிய வேண்டியதில்ல, ஆனா அதுக்கு அடுத்த வாரம் நடந்தத யாரும் பெருசா பேசுறதில்ல. கரண்டு இல்ல, வேலைக்கு போக வழியில்ல, கையில வெட்டோத்தி (வெட்டுக்கத்தி) இருக்கு, முற்றத்துல நிக்கிற மரம் எல்லாம் பாக்க அலங்கோலமா இருக்கு, உடனே எல்லாரும் இறங்கி வெட்டித் தள்ளினாங்க, நல்லா பொழைச்சிருக்க வேண்டிய மாவும் சக்கை (பலா) மரமும் அப்படி நிறைய போச்சு. அதனால முதல்லயே சொல்லிருதேன், முதல் வாரம் ஆபத்தா நிக்கிறத மட்டும் எடுங்க, மிச்சத்துல கை வைக்கதுக்கு மரம் எங்க துளிர் விடுதுன்னு காட்டுறது வரைக்கும் பொறுங்க.

வெளிய இறங்கினதும் மரத்த பாக்காதீங்க, கம்பிய பாருங்க. மரத்து மேல கம்பி கெடக்கா, கம்பி வேலியில கரண்டு கம்பி உரசி நிக்கா, தரையில தண்ணிக்குள்ள ஏதாவது அறுந்து கெடக்கா. "கரண்டுதான் போயிட்டே"ன்னு சொல்லி தொடக் கூடாது, பக்கத்துல யாராவது ஜெனரேட்டர வீட்டு லைன்ல தப்பா குடுத்திருந்தா அது திரும்பி கம்பியில ஏறி வரும். டிவி கேபிளா கரண்டு கம்பியான்னு சந்தேகம் இருந்தாலும் கரண்டு கம்பின்னே வச்சுக்கிடுங்க. மின்னகம் நம்பர் 94987 94987, அங்க சொல்லிட்டு அவங்க வந்து பாக்கிற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க, பிள்ளைகளையும் விடாதீங்க.

அப்புறம் பாம்பு. வெள்ளம் ஏறினா அதுங்களும் மேடு பாத்துத்தான் வரும், ஓலை குமிஞ்சு கெடக்கிற இடத்துல கைய விடாம முதல்ல நீளக் கம்பால கிளறி விடுங்க. முட்டு வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸும் கையுறையும் போடுங்க, கால்ல புண்ணு இருந்தா கெட்டிக் கெடக்கிற தண்ணியில இறங்காதீங்க, எலிக்காய்ச்சல் அந்த வழியாத்தான் வரும். வேலை பாத்து நாலஞ்சு நாளோ ரெண்டு வாரமோ கழிச்சு காய்ச்சலும் கெண்டைக்கால்ல வலியும் வந்தா டாக்டர்கிட்ட "வெள்ளத்துல நின்னு வேலை பாத்தேன்"னு வாயத் திறந்து சொல்லணும், அத சொல்லாம பாராசிட்டமால் முழுங்கிட்டு இருக்காதீங்க. போற போக்குல சிரட்டை, ரப்பர் பால் எடுக்கிற கப்பு, தார்ப்பாய் மடிப்பு எல்லாத்தையும் கவுத்து விடுங்க, டெங்கு கொசுவுக்கு அவ்வளவு தண்ணி போதும்.

எதையும் நகத்துறதுக்கு முன்னாடி போன்ல போட்டோ எடுத்து வச்சிருங்க. விழுந்த மரம், சாஞ்ச வாழை, இடிஞ்ச மதில், எல்லாம் தேதியோட இருக்கட்டும். விஏஓ வந்து கணக்கு எடுக்கும்போது விளைய (தோட்டத்த) சுத்தம் பண்ணி வச்சிருந்தா காட்டுறதுக்கு ஒண்ணும் இருக்காது.

இனி ஆபத்தானதுன்னு எத சொல்லுகேன்னா, முறிஞ்சு பாதியில தொங்குற கொம்பு, நடுவுல நீளமா வெடிச்ச தடி, வீட்டு மேலயோ வழி மேலயோ சாஞ்சு நிக்கிற மரம். சாஞ்ச மரம் எல்லாமே விழுந்துராது. அடியில போய் மண்ண பாருங்க. சாஞ்ச பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண்ணு புதுசா வெடிச்சு மேல தூக்கி இருந்தா, வேரு அறுந்து வெளிய தெரிஞ்சா, காத்தடிக்கும்போது அந்த மண்ணு ஏறி இறங்குனா, அது நிக்காது. பல வருஷமாவே சாஞ்சு நின்னு நுனி மட்டும் நேரா மேல வளந்த மரம்னா, மண்ணுலயும் வெடிப்பு இல்லன்னா, அத சும்மா விடுங்க. இத சொல்ல காரணம் இருக்கு, புயல் அடிச்ச மறுநாளே தடி வாங்க வர்றவங்க வாசல்ல நிப்பாங்க, "அண்ணாச்சி, இந்த சக்கை மரம் இன்னைக்கோ நாளைக்கோ வீட்டு மேலதான் விழும், இப்பமே குடுத்தா ஏதோ ஒரு வில கெடைக்கும்"னு பயமுறுத்துவாங்க. அம்பது வருஷம் நின்ன சக்கை மரத்துக்கு அன்னைக்கு அவங்க சொல்லுற விலைதான் இருக்கிறதுலயே குறைஞ்ச வில. மண்ணுல வெடிப்பு இல்லன்னா ஒரு மாசம் கழிச்சு வரச் சொல்லுங்க.

பெரிய மரம், வீட்டு மேல கெடக்கிற மரம், இன்னொரு மரத்துல மாட்டி நிக்கிற மரம், இதெல்லாம் கயிறு கெட்டி இறக்கத் தெரிஞ்ச ஆள் செய்ய வேண்டிய வேலை. நீங்க செய்யக் கூடியது தரையில நின்னு கைக்கு எட்டுறது மட்டும்தான். ஏணி சாத்தி ஏறி நின்னு ஒரு கையில கொம்பு, ஒரு கையில வாள்னு நிக்காதீங்க, செயின் சா வச்சு தோளுக்கு மேல அறுக்கவே அறுக்காதீங்க. விழுந்து வளஞ்சு கெடக்கிற கொம்பும் சாதாரணமா தெரியும், ஆனா அது விறைச்சு இழுத்து நிக்கும், வெளிவளைவுல ஒரு வெட்டு விழுந்ததும் சுண்டி முகத்துல அடிச்சிரும். அத உள்வளைவு பக்கத்துல லேசா ஒரு வெட்டு குடுத்துட்டு, அப்புறம் எதிர்ப்பக்கத்துல கொஞ்சம் கொஞ்சமா அறுத்து இறுக்கத்த விடுவிக்கணும், நிக்க வேண்டியது அது சுண்டுற பக்கத்துக்கு விலகி.

வெட்டுறது எப்படின்னு இப்ப சொல்லுகேன், இதுதான் முக்கியமான இடம். நம்ம ஆளுக வெட்டோத்தியால ரெண்டு போடு போட்டு கொம்ப கீழ தள்ளுவாங்க, அது விழும்போது தாய்த்தடியில இருந்து பட்டைய ரெண்டடி நீளத்துக்கு உரிச்சிட்டு போகும். அந்த உரிஞ்ச இடத்துலதான் பின்னாடி அழுகல் ஏறும், தண்டுதுளைப்பான் முட்டை வைக்கும். கைத்தண்டிக்கு மேல இருக்கிற எந்தக் கொம்பையும் மூணு வெட்டுலதான் எடுக்கணும். முதல் வெட்டு தாய்த்தடியில இருந்து ஒரு அடி தள்ளி, கீழ இருந்து மேல, மூணுல ஒரு பங்கு ஆழத்துக்கு. ரெண்டாவது அதுக்கும் நாலு விரல் வெளிய தள்ளி மேல இருந்து கீழ, அப்போ கொம்பு பட்டைய உரிக்காம விழுந்துரும். மூணாவது வெட்டு மிச்சம் நிக்கிற குத்திய எடுக்க. கொம்பு தாய்த்தடியோட சேர்ற இடத்துல சுத்தி கொஞ்சம் தடிச்சு, தோல் சுருங்கின மாதிரி ஒரு வளையம் தெரியும் பாருங்க, அந்த வளையத்த வெட்டாம அதுக்கு வெளியோட்டமா அறுக்கணும். தடியோட ஒட்ட வழிச்சு எடுத்தா அந்த வளையம் போயிரும், மரத்தால காயத்த மூட முடியாது. ஒரு முழம் குத்தி விட்டாலும் தப்பு, அது செத்து உள்ள வரைக்கும் உளுத்துப் போகும்.

மரம் நம்ம தோல் மாதிரி புண்ண ஆத்திக்கிடாது. கெட்ட பாகத்த உள்ளயே ஒதுக்கி செவுரு எழுப்பி அடைச்சுட்டு அதுக்கு வெளிய புது மரம் வளத்துக்கிடும். அமெரிக்க வனத்துறையில இருந்த அலெக்ஸ் ஷைகோ மரங்கள நீளவாக்குல அறுத்து பாத்து இதத்தான் காட்டினாரு, வெட்டுவாய்க்கு பெயிண்டும் தாரும் பூசுறதால அழுகல் நிக்காதுன்னும் சொன்னாரு. அதனால பொந்துல சிமெண்டு அடைக்கிறது, வெட்டுவாய்ல ஆயில் பெயிண்ட் அடிக்கிறது இதெல்லாம் வேண்டாம், சிமெண்டு உள்ள தண்ணிய பிடிச்சு வச்சு இன்னும் கெடுக்கும். பட்டை பிய்ஞ்சு தொங்குனா கூர்மையான கத்தியால நல்ல பட்டை ஒட்டியிருக்கிற ஓரம் வரைக்கும் சீரா வெட்டி விடுங்க, அது போதும், உள்ள தோண்டாதீங்க. ஆனா நம்ம ஊர்ல புயல் போன பிறகும் மழை வாரக்கணக்குல நச்சுன்னு பெய்யும், அந்த ஈரத்துல கையகலத்துக்கு மேல இருக்கிற பெரிய வெட்டுக்கு போர்டோ பசை பூசுறதுல தப்பில்லங்கிறது என் கட்சி. அது புண்ண மூடாது, பூஞ்சணத்த கொஞ்ச நாள் தள்ளி நிறுத்தும், அவ்வளவுதான்.

பசை வீட்டுலயே பண்ணலாம். துருசு 100 கிராம், கடையில மயில்துத்தம்னு கேட்டாலும் குடுப்பாங்க, அத அரை லிட்டர் தண்ணியில ஒரு பிளாஸ்டிக் வாளியில கரைங்க. சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இன்னொரு வாளியில அரை லிட்டர் தண்ணியில நீத்து, ஆறின பிறகு வடிகட்டுங்க. துருசு தண்ணிய சுண்ணாம்புத் தண்ணிக்குள்ள ஊத்தி கலக்கிட்டே இருங்க. தகரம், இரும்பு பாத்திரம் ஆகாது. சரியா வந்துதான்னு பாக்க ஒரு பளபளப்பான இரும்புக் கத்திய முக்கி எடுங்க, செம்பு நிறத்துல கறை படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேக்கணும். அன்னைக்கே தீத்துரணும், மறுநாளைக்கு வச்சா வேலை செய்யாது. தெளிக்கிறதுக்குன்னா இதே 100 கிராம் துருசு, 100 கிராம் சுண்ணாம்புக்கு மொத்தம் 10 லிட்டர் தண்ணி, அது ஒரு சதவீதக் கலவை.

ஒரு மரத்துல இருந்து அடுத்த மரத்துக்கு போகும்போது வாளையும் கத்தியையும் ஸ்பிரிட் தொட்டு துடைங்க, எலுமிச்சைக்கு இது ரொம்ப முக்கியம், சொறி நோய் அப்படித்தான் ஊர் சுத்தும்.

எவ்வளவு வெட்டலாம்னு கேட்டா, முறிஞ்சது, தொங்குறது, செத்தது, இவ்வளவுதான். உச்சிய மொட்டையடிச்சா "மறுபடியும் நல்லா வரும்"னு சொல்லுவாங்க, வரும், ஆனா வெட்டுன இடத்துல கொத்துக் கொத்தா வர்ற துளிர் எல்லாம் மேல்தோல்ல ஒட்டி நிக்கிறதுதான், அடுத்த காத்துக்கு அதுவே முதல்ல பிய்ஞ்சு விழும். கிழிஞ்ச இலைய பறிச்சு போடாதீங்க. பாதி இலை இருந்தா பாதி சாப்பாடு செய்யும், புயல்ல வேரு அறுந்து நிக்கிற மரத்துக்கு அந்த பாதியும் வேணும்.

சாஞ்ச சின்ன மரத்த தூக்கி நிறுத்துறதா இருந்தா ரெண்டு மூணு நாளுக்குள்ள செய்யணும். அதுவரைக்கும் வெளிய தெரியிற வேர நனைஞ்ச சாக்கு போட்டு மூடி வைங்க, வெயில் பட்டு காஞ்சா அப்புறம் தூக்கி பிரயோஜனம் இல்ல. தூக்கும்போது வேரு மடங்காம இருக்க வேர்ப்பக்கம் மண்ண தோண்டி இடம் பண்ணி, பிய்ஞ்ச வேர சுத்தமா வெட்டி விட்டு, தண்டுல பழைய சைக்கிள் டியூப் சுத்தி அது மேல கயிறு போட்டு ரெண்டு மூணு பேரா மெதுவா இழுங்க. மூணு பக்கம் முட்டுக்கம்பு குடுங்க, கட்டு இறுக்கமா வேண்டாம், தண்டு லேசா ஆடணும், ஆடினாத்தான் வேரு பிடிக்கும். வருஷம் ஒண்ணு ஆனா கட்ட அவுத்துருங்க, மறந்து போனா கயிறு தண்டுக்குள்ள பதிஞ்சிரும். தொடைத் தண்டி தாண்டுன மரத்த தூக்கி நிறுத்த முயற்சி பண்ணாதீங்க.

தென்னைதான் நம்ம வீட்டுல அதிகம், அதுல நடக்கிற தப்பும் அதிகம். தென்னைக்கு ஒரே ஒரு குருத்துதான், அது முறிஞ்சு போச்சுன்னா மரம் முடிஞ்சுது, காத்திருந்து பலனில்ல. குருத்து நிக்குதுன்னா மட்டை எத்தனை ஒடிஞ்சாலும் கவலைப்பட வேண்டாம். ஏறுறவங்கள கூப்பிட்டு "எண்ணே, ஒடிஞ்ச பச்ச மட்ட எல்லாத்தையும் வெட்டி இறக்கிருங்க, பாக்க அசிங்கமா இருக்கு"ன்னு சொல்லுவோம், அனுபவம் உள்ளவங்க "பச்ச மட்டைய எதுக்கும்மா வெட்டணும், அது நிக்கட்டு, காஞ்சா தானே விழும்"னுதான் சொல்லுவாங்க, அவங்க சொல்லுறதுதான் சரி. பச்ச மட்டைய தண்டோட ஒட்ட வெட்டினா அந்த வாசனைக்கு சிவப்புக் கூன்வண்டு தேடி வந்து காயத்துல முட்டை வைக்கும். வீட்டு மேல இடிக்குது, வெட்டித்தான் ஆகணும்னா தண்டுல இருந்து நாலு அடி, அதாவது 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்க. மழை ஈரத்துல யாரையும் ஏறச் சொல்லாதீங்க, தேங்காய் ரெண்டு நாள் கழிச்சு வந்தாலும் ஒண்ணும் குடி முழுகாது.

ரெண்டு மூணு வாரம் கழிச்சு குருத்த மறுபடி பாக்கணும். நடுக்குருத்து வாடி, இழுத்தா கையோட வந்து, கெட்ட நாத்தம் அடிச்சா அது குருத்தழுகல், மழைக்கும் காயத்துக்கும் பின்னாடி வர்ற நோய். ஆரம்பத்துலயே பிடிச்சா காப்பாத்தலாம். அழுகின பாகத்த கத்தியால சுத்தமா செதுக்கி எடுத்து, போர்டோ பசை பூசி, மழைத்தண்ணி உள்ள போகாம பாலிதீன் கவரால மூடி கெட்டி விடுங்க, புதுக் குருத்து வந்த பிறகு எடுத்தா போதும். செதுக்கின அழுகல கீழ போட்டு விடாம எரிக்கணும், சுத்தி நிக்கிற தென்னைக்கு ஒரு சதவீதக் கலவைய குருத்துல படுற மாதிரி தெளிக்கணும். காண்டாமிருக வண்டு தொல்லைக்கு வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் கணக்குல உள்பக்க மூணு மட்டையோட இடுக்குல போடுங்க. விழுந்த தென்னந்தடிய விளையிலயே உளுக்க விட்டீங்கன்னா அந்த வண்டு அதுக்குள்ளதான் குடும்பம் நடத்தும், அதனால தடிய சீக்கிரமா பிளந்து காய வச்சு அடுப்புக்கோ வேற வேலைக்கோ எடுத்துருங்க.

வாழை விஷயம் சுருக்கம். முறிஞ்ச வாழை மறுபடி குலை தள்ளாது, அத அடியோட வெட்டி, பக்கத்துல நிக்கிற ஈட்டி மாதிரி குறுகின இலை உள்ள நல்ல கன்னு ஒண்ண மட்டும் விட்டுட்டு மத்தத எடுங்க. குலை முக்கால் விளைஞ்சிருந்தா வெட்டிருங்க, ஏத்தன்னா (நேந்திரன்) சிப்ஸ் போடவோ காயா புழுங்கவோ ஆகும். மட்டி வாழை நிக்கிற வீடுன்னா விழுந்த மூட்டுல (அடியில) இருந்து கன்னுகள பத்திரமா எடுத்து நடுங்க, 2023ல அதுக்கு புவிசார் குறியீடு கெடைச்ச பிறகு கன்னு கேட்டு அலையிறவங்க இருக்காங்க. வெட்டின வாழைத்தடிய முழுசா குமிச்சு வைக்காம நீளமா கீறி வெயில்ல பரத்துங்க, வாழைக் கூன்வண்டு அதுக்குள்ளதான் பெருகும்.

முருங்கைக்கு கண்ணீர் வேண்டாம். எவ்வளவு முறிஞ்சாலும் மூணடி உயரத்துல தண்ணி நிக்காத மாதிரி சரிவா அறுத்து விட்டா தளதளன்னு வரும், முறிஞ்ச போத்த வெட்டி நட்டா இன்னொரு மரம். கறிவேப்பிலையும் வெட்டி விட்டா துளிர்த்து வரும். செம்பருத்தி, நந்தியாவட்டம் எல்லாம் முறிஞ்ச இடத்துக்கு கீழ ஒரு கணுவுக்கு மேல வெட்டுனா போதும்.

நல்லமிளகு கொடி வேற கதை. அது படந்து நின்ன முள்முருக்கோ சீமைக்கொன்னையோ விழுந்துதுன்னா கொடிய பிடிச்சு இழுத்து பிய்க்காதீங்க, மரத்த துண்டு துண்டா அறுத்து கொடிய பிரிச்சு எடுத்து பக்கத்துல நிக்கிற இன்னொரு மரத்துல வாழைநார் வச்சு தளர்வா கெட்டி விடுங்க. மூட்டுல தண்ணி ஒரு நாள் கூட நிக்க விடக் கூடாது, இலையில கருப்பு பொட்டு வந்து கொடி ஒரேடியா வாடுற நோய் அந்த ஈரத்துலதான் வரும். ஒரு சதவீதக் கலவைய இலையில தெளிச்சு மூட்டுலயும் ஊத்துங்க. டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சணத்த அடக்குற நல்ல பூஞ்சணம்) போடுறவங்க ரெண்டு வாரம் இடைவெளி விட்டு போடுங்க, துருசு அதையும் சேத்து கொன்னுரும்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம், மணக்குடி பக்கம் கடலோரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு சங்கதி. காத்து கடல்தண்ணிய அள்ளிட்டு வந்து இலையில அடிச்சிருக்கும், ரெண்டு நாள்ல கடல் பாத்த பக்கம் மட்டும் நெருப்பு பட்ட மாதிரி கருகும். மரம் செத்துட்டுன்னு வெட்டிராதீங்க. மழை நின்னுட்டுதுன்னா நல்ல தண்ணி வச்சு இலைய கழுவி விடுங்க, மூட்டுலயும் நல்லா தண்ணி விட்டு உப்ப கீழ இறக்குங்க. கொம்ப நகத்தால கீறினா உள்ள பச்சை இருந்தா உயிர் இருக்கு, அடுத்த துளிருக்கு காத்திருங்க.

மண்ணு சேறா இருக்கும்போது மூட்ட சுத்தி மிதிச்சு நடக்காதீங்க, வேருக்கு மூச்சு போகாது. வெள்ளம் கொண்டு வந்த மண்ணு தண்டுல ஏறி நின்னா பழைய மட்டம் தெரியிற வரைக்கும் வழிச்சு எடுங்க. பாவம்னு நெனச்சு உடனே யூரியா போடாதீங்க, வேரே இல்லாத மரம் அத எப்படி எடுக்கும், புதுத் துளிர் நல்லா பிடிச்ச பிறகு சாணியும் தொழுவுரமும் போடலாம்.

இனி குப்பை. சக்கை இலைய ஆடு வளக்கிறவங்க கேட்டா குடுத்துருங்க, ஒரே நாள்ல பாதி குவியல் காலி. சீமைக்கொன்னைத் தழை தென்னை மூட்டுக்கு நல்ல உரம். கதம்பல (தேங்காய் உரிச்ச மட்டைய) தென்னை மூட்ட சுத்தி குழிஞ்ச பக்கம் கீழ வர்ற மாதிரி அடுக்குங்க, ஈரமும் காக்கும், தண்ணியும் தேங்காது. மிச்சத்த காஞ்சதும் பச்சையும் மாத்தி மாத்தி போட்டு மக்க வைங்க, நனைஞ்ச குப்பைய டயர் போட்டு எரிச்சு தெருவ புகைய வைக்காதீங்க.

மூணு நாலு மாசத்துல மரம் கண்ட இடத்துல எல்லாம் துளிர் விடும். அப்பவும் அவசரம் வேண்டாம், ஒரு வருஷம் வளர விட்டு, ஒரு கொத்துல நல்ல கோணத்துல போற ஒண்ணு ரெண்ட விட்டுட்டு மத்தத எடுங்க, முழு வடிவம் வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதோட வருஷா வருஷம் வைகாசி சாரல் தொடங்கதுக்கு முன்னாடி ஒரு தடவ காஞ்ச கொம்பு, தென்னையில காஞ்ச மட்ட, கொதும்பு (காஞ்ச பாளை) எல்லாத்தையும் இறக்கிருங்க, ஆடிக் காத்துல ஓட்டு மேல விழுறது பெரும்பாலும் அதுதான்.